தேனீப் பெட்டியைக் குழந்தைகளுக்கு எப்போது திறந்து காட்டலாம்?

கேள்வி: தென்னந்தோப்பில் இரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறோம். ஐந்து வயது மகளும் எட்டு வயது மகனும் தாங்களும் பார்க்க வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள். கொட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: பெட்டியைத் திறப்பதைக் கடைசிப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். சிறுவர்களுக்கான கவச உடையை வாங்கவும் இப்போது அவசரமில்லை. பெட்டியின் வாசலிலேயே பல வாரங்களுக்கான பாடம் இருக்கிறது.

வெயில் ஏறிய காலையில், பெட்டிக்குப் பக்கவாட்டில் பத்தடி தள்ளி இருவரையும் உட்கார வையுங்கள். நேர் எதிரே நின்றால் தேனீக்கள் வந்து போகும் வழி மறிபடும். திரும்பி வரும் தேனீக்களின் பின்னங்கால்களில் மகரந்த உருண்டை தெரியும். எத்தனை நிறம் என்று மகள் எண்ணட்டும். அந்த நிறம் எந்தப் பூவுடையது என்று மகன் தோப்பில் தேடட்டும்.

பழைய சுவர் இடுக்கில் கொசுத்தேனீக் கூடு இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதற்குக் கொட்டும் திறன் இல்லை. சீண்டினால் தலைமுடியில் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். ஐந்து வயதுக்கு இதைவிடப் பொருத்தமான ஆசிரியர் கிடையாது.

வேடிக்கையோடு வேலையும் கொடுங்கள். எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டியின் கால்களுக்கு அடியில் வைக்கும் கிண்ணங்களில் தண்ணீர் குறையாமல் பார்க்கும் பொறுப்பை மகனிடம் விடலாம். தேனீக்கள் வெளியே போகாத அந்தி நேரத்தில், நீங்கள் உடன் நின்று ஊற்ற வையுங்கள். தேனீக்கள் குடிக்கக் கூழாங்கல் போட்ட தண்ணீர்த் தட்டைத் தள்ளி வைத்தால் அது மகளுடைய பொறுப்பு.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். உங்கள் பெட்டியில் இருப்பது அடுக்குத் தேனீயாக இருக்கும், ஓரளவு சாதுவானது. உயர்ந்த மரத்திலும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. பெட்டியோடு பழகிய துணிச்சலில் அதன் கீழே போய் நிற்கக் கூடாது, கல்லெறியவே கூடாது.

பிறகு ஒருநாள், மகனுக்கு மட்டும், பெட்டியைத் திறந்து காட்டுங்கள். வெளிர் நிற முழுக்கைச் சட்டை, முகவலை. வாசனை எண்ணெய் வேண்டாம். புகையூட்டுவது உங்கள் வேலை. பெரிய கண்களுடைய ஆண் தேனீ கிடைத்தால் அவன் உள்ளங்கையில் விடலாம்; அதற்குக் கொடுக்கே இல்லை. மேகமூட்டமான நாளிலும் மாலையிலும் திறக்காதீர்கள்.

கொட்டினால் முதலில் பெட்டியை விட்டு விலகுங்கள்; கொட்டிய வாடை மற்றத் தேனீக்களையும் இழுக்கும். கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்து, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். கொட்டிய இடம் வீங்குவது இயல்பு. உடல் முழுதும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கைவைத்தியம் பார்க்காமல் நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.