கடன் வாங்குமுன் 20 வரி எழுதட்டும்

மகள் டிகிரி முடித்துவிட்டாள், சித்தப்பா ஏ.ஐ. கோர்ஸில் சேர்க்கச் சொல்கிறார், கடன் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் அம்மா.

ஆறுதலாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மகளுக்குக் கணக்கு என்றாலே கசப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புள்ளியியலும் இயற்கணிதமும் ஏறாமல் அந்தப் படிப்பை முடித்தால் கையில் மிஞ்சுவது சான்றிதழும் கடனும்தான். சித்தப்பாவுக்குப் பிடித்திருப்பது கோர்ஸின் பெயர். தவணை கட்டப்போவது அவர் இல்லை.

கடிதத்தில் போகிறபோக்கில் ஒன்று சொல்கிறீர்கள். எந்த ஆப்பைத் திறந்தாலும், "இதை ரெண்டு தடவை அமுக்கினா ரெண்டு ஆர்டர் போகுதும்மா" என்று நோண்டிக்கொண்டே இருப்பாளாம். அது டெஸ்டரின் கண், மென்பொருளில் பிழை தேடுகிறவரின் கண். அந்தச் சோதனையை ஸ்கிரிப்ட் எழுதிக் கணினியையே செய்யவைக்கும் ஆட்டோமேஷன் டெஸ்டிங் பக்கம் அவளைத் திருப்பிப் பாருங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதும் மொழியான பைத்தான் இலவசம். ஸ்கிரிப்ட் சொல்கிறபடி பிரவுசரை இயக்கும் கருவி செலினியம்; 2004-இல் பிறந்த அதுவும் இலவசம். வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப் போதும். முன்பெல்லாம் செலினியத்தைப் பிரவுசரோடு இணைக்கும், அந்தப் பிரவுசருக்குப் பொருந்தும் டிரைவர் நிரலைத் தேடி இறக்குவதிலேயே பாதி நாள் போய்விடும், 4.6 பதிப்பிலிருந்து அதைச் செலினியமே பார்த்துக்கொள்கிறது. முதல் ஸ்கிரிப்ட் லாகின் பக்கத்துக்கு: பிரவுசரைத் திற, பெயர்க் கட்டத்தை, பக்கத்தின் நிரலில் அதற்கு இட்டிருக்கும் ஐ.டி.யை வைத்துப் பிடி, நிரப்பு, பட்டனை அழுத்து, அடுத்த பக்கம் வந்ததா என்று சரிபார். 20 வரிக்குள் அடங்கும்.

ஒரு தடவை ஓடும். மறு தடவை, எலிமென்ட் (பக்கத்தில் உள்ள கட்டம், பட்டன் போன்றவை) கிடைக்கவில்லை என்று விழும். பக்கம் வருமுன்பே ஸ்கிரிப்ட் முந்திக்கொண்டிருக்கும். புதிதாக எழுதுகிறவர்கள் உடனே 'ஸ்லீப் 5' (5 நொடி சும்மா நில்) போட்டு ஒப்பேற்றுவார்கள். 200 டெஸ்ட் சேர்ந்தால் 16 நிமிடத்துக்கு மேல் சும்மாவே நிற்கும். பட்டன் தெரியும்வரை மட்டும் காத்திருக்க 'வெப்டிரைவர்வெயிட்' இருக்கிறது; அதை அவளே தேடிக் கண்டுபிடிக்கட்டும், சொல்லிக்கொடுக்க வேண்டாம். அடுத்தது, தப்பான பாஸ்வேர்டு கொடுத்தால் உள்ளே விடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட். யாரும் சொல்லாமலே அதை எழுதுவாள் என்று பந்தயம் கட்டுவேன். பயிற்சிக்கென்றே இருக்கும் டெமோ தளங்களில் மட்டும் ஓட்டட்டும்.

வேலைக்கு இது மட்டும் போதாது. கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி), எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்தைக் கேட்கும் மொழி), ஏ.பி.ஐ. டெஸ்டிங் (மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழியைச் சோதிப்பது) எல்லாம் பின்னால் சேர வேண்டும். அவற்றுக்கும் காசு கொடுத்துத் தொடங்க வேண்டியதில்லை.

இரண்டு மாதம் விடுங்கள். அதுவரை கடன் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சித்தப்பா கேட்டால் நான்தான் தடுத்தேன் என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று: இவ்வளவு நீளக் கடிதத்தில், அவளுக்கு என்ன படிக்க ஆசை என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள்.