சாப்பிடும்போது ஒரு கன்னம் மட்டும் வியர்ப்பது ஏன்?

வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "எனக்கு வயது 52. 9 மாதங்களுக்கு முன்பு இடது காதுக்கு முன்னால் இருந்த பரோட்டிட் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. இப்போது 2 மாதமாகச் சாப்பிட உட்கார்ந்தாலே அந்தக் கன்னம் சிவந்து வியர்வை வழிகிறது. புளிக்குழம்பு, ஊறுகாய் என்றால் கைக்குட்டை நனைந்துவிடுகிறது. உமிழ்நீர் கசிகிறதா? கட்டி திரும்ப வருகிறதா? டாக்டர் ஏதாவது நரம்பை வெட்டிவிட்டாரா?"

வழிவது வியர்வைதான், உமிழ்நீர் இல்லை. கட்டி திரும்ப வருவதன் அறிகுறியும் இல்லை. மூன்றாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். நரம்பிழைகள் அறுபட்டது உண்மை, ஆனால் அது யாருடைய தவறும் இல்லை.

பொன்னுக்கு வீங்கி வந்தால் காதோரம் வீங்குமே, அதுதான் பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பி. முகத் தசைகளை அசைக்கும் 7ஆவது கபால நரம்பு இந்தச் சுரப்பிக்குள் நுழைந்து, கிளை பிரிந்து வெளியே போகிறது. அறுவை சிகிச்சை நிபுணர் அங்குலம் அங்குலமாகத் தேடிப் பாதுகாப்பது இந்த நரம்பைத்தான். உங்களால் கண்ணை இறுக மூடவும் வாய் கோணாமல் சிரிக்கவும் முடிகிறது என்றால் அது பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதே இடத்தில், கண்ணுக்கே தெரியாத தன்னியக்க நரம்பிழைகளும் ஓடுகின்றன. நாம் நினைத்து இயக்க முடியாத நரம்புகள் இவை.

அதில் ஒரு கூட்டம் எதிர்பரிவு நரம்பிழைகள். பரோட்டிட்டை உமிழ்நீர் சுரக்கச் சொல்வது இவற்றின் வேலை. இவை வரும் வழியே ஒரு சுற்றுவழி. மூளைத் தண்டிலிருந்து 9ஆவது கபால நரம்போடு கிளம்பி, நடுக்காதின் வழியாகப் போய், மண்டையோட்டின் அடியில் ஓட்டிக் என்ற நரம்பு முடிச்சில் கைமாறுகின்றன. அங்கிருந்து 5ஆவது கபால நரம்பின் கிளையான ஆரிகுலோடெம்பொரல் நரம்பில் தொற்றிக்கொண்டு சுரப்பிக்கு வந்து சேர்கின்றன. அடுத்தது பரிவு நரம்பிழைகள். இவை மார்பின் மேல்பகுதியில் தண்டுவடத்திலிருந்து புறப்பட்டுக் கழுத்தில் ஏறி, தாடைக்குப் பின்னால் உள்ள முடிச்சில் கைமாறி, ரத்தக் குழாய்களைப் பற்றிக்கொண்டு முகத்துக்கு வருகின்றன. கன்னத்துத் தோலில் வியர்வையைச் சுரக்க வைப்பவை இவைதான்.

இங்கே ஒரு விசேஷம் இருக்கிறது. பரிவு நரம்புகள் பெரும்பாலும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை விட்டுத்தான் உறுப்புகளை இயக்கும். வியர்வைச் சுரப்பிக்குப் போகும் இழைகள் மட்டும் அசிட்டைல்கோலினை விடுகின்றன. எதிர்பரிவு நரம்புகள் விடுவதும் அதே அசிட்டைல்கோலின்தான். அதாவது, வியர்வைச் சுரப்பிக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் சாவி ஒன்றே.

சுரப்பியை எடுக்கும்போது அதற்குள் ஓடும் இந்த இழைகளும் அறுபடத்தான் செய்யும். எவ்வளவு கைதேர்ந்த நிபுணராலும் அவற்றைப் பிரித்துக் காப்பாற்ற முடியாது. அப்புறம் அறுபட்ட முனைகள் மெல்ல வளரத் தொடங்குகின்றன. நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளர்ச்சி. போய்ச் சேர வேண்டிய சுரப்பி அங்கே இல்லை. மேலே தோலில் நரம்பை இழந்த வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. வளரும் எதிர்பரிவு இழை அவற்றில் போய்ச் சேர்ந்துகொள்கிறது, சாவியும் பொருந்திவிடுகிறது. ஊறுகாயை நாக்கில் வைத்ததும் மூளை 'உமிழ்நீர் சுர' என்று வழக்கம்போல உத்தரவு போடுகிறது, அது கன்னத்தில் வியர்வையாக வெளிவருகிறது. தோலின் ரத்தக் குழாய்களும் விரிவதால் கன்னம் சிவக்கிறது. ஆபரேஷன் முடிந்து பல மாதம் கழித்து இது தொடங்குவதற்கும் இந்த வளர்ச்சிதான் காரணம். உமிழ்நீர்க் கசிவு என்றால் முதல் சில வாரங்களிலேயே, தையல் போட்ட இடத்தின் வழியாக வந்திருக்கும்.

உங்களுக்கு வந்த அதே சந்தேகம் மருத்துவர்களுக்கும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் பையார்ஜே, உமிழ்நீர்தான் தோல் வழியே கசிகிறது என்று நினைத்தார். 1923இல் போலந்தின் நரம்பியல் மருத்துவர் லூட்சியா ஃப்ரை, பரோட்டிட் பகுதியில் காயம்பட்ட ஒருவரை ஆராய்ந்து, இது ஆரிகுலோடெம்பொரல் நரம்போடு வரும் தன்னியக்க இழைகளின் கோளாறு என்று விளக்கினார். அதனால்தான் இதற்கு ஃப்ரை சிண்ட்ரோம் என்று பெயர்.

வீட்டிலேயே பார்க்க ஓர் எளிய வழி உண்டு. மெல்லிய டிஷ்யூ தாளைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு புளிப்பாக எதையாவது சாப்பிடுங்கள். எங்கே நனைகிறதோ அதுதான் பாதித்த பகுதி. மருத்துவமனையில் அயோடின் தடவி, காய்ந்ததும் ஸ்டார்ச் பொடி தூவிப் பார்ப்பார்கள். வியர்க்கும் இடம் கருநீலமாகிவிடும். அயோடின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சிகிச்சை அவசியமா என்றால், தொந்தரவு குறைவாக இருந்தால் தேவையில்லை, விட்டுவிடலாம். இதனால் உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. தொந்தரவாக இருந்தால், அலுமினியம் குளோரைடு கலந்த வியர்வை தடுப்பானை இரவில் காய்ந்த தோலில் தடவலாம். வெறும் வாசனை டியோடரண்ட் இதற்கு உதவாது. முகத்துத் தோல் எரியக்கூடும், கண்ணில் பட்டுவிடவும் கூடாது. அதனால் டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

அதிலும் அடங்காவிட்டால் என் பரிந்துரை பொட்டுலினம் ஊசி. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளியேறுவதை அது தடுத்துவிடும். நனையும் பகுதியைக் குறித்துக்கொண்டு தோலுக்குள் சிறு சிறு அளவாகப் போடுவார்கள். பல மாதங்கள் பலன் இருக்கும், பிறகு தேவைப்பட்டால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். அனுபவமுள்ள கை வேண்டும். மருந்து ஆழமாக இறங்கினால் சிரிப்பு சில வாரம் ஒரு பக்கமாக இழுக்கலாம். இதற்காக இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம்.

காது மடலின் கீழ்ப்பகுதி மரத்துப்போயிருந்தால் அது வேறு விஷயம். கழுத்திலிருந்து வரும் உணர்வு நரம்பு ஒன்று இந்த ஆபரேஷனில் பெரும்பாலும் பாதிக்கப்படும். கம்மல், சவரக்கத்தி இரண்டிலும் கொஞ்சம் கவனம் தேவை.

புதிதாக ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டாலோ, கண் மூடச் சிரமமாக இருந்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ தாமதிக்காமல் ஆபரேஷன் செய்தவரைப் பாருங்கள். மற்றபடி, வழக்கமான மறுபரிசோதனைக்குப் போகும்போது ஒரு எலுமிச்சம்பழத் துண்டைக் கையோடு கொண்டு போங்கள். அவர் முன்னாலேயே அதைச் சப்பிக் காட்டினால் போதும், ஒரே நிமிடத்தில் அவருக்குப் புரிந்துவிடும்.