ஓய்வுக்குப் பின் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் என்ன செய்கிறார்கள்?

முப்பத்தைந்து வயதையொட்டி ஓய்வு பெறும் வீரர்களில் பலர் பயிற்சியாளராகவோ தொலைக்காட்சி வர்ணனையாளராகவோ ஆக முயல்கிறார்கள். ஆனால், ஐரோப்பாவின் முதல்நிலை அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வருவதற்குப் பெயரும் புகழும் மட்டும் போதா, தனி உரிமமும் வேண்டும். அரசியலுக்குச் சென்றோரில் முதன்மையானவர் ஜார்ஜ் வேயா: 1995-இல், ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலோன் தோர் விருது பெற்ற அவர், 2018 முதல் 2024 வரை லைபீரியாவின் அதிபராக இருந்தார்.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே காவல்துறை, ரயில்வே, வங்கி போன்றவற்றின் அணிகளில் ஆடும்போதே அரசு வேலையும் கிடைத்துவிடுவதால், ஆட்டம் முடிந்தபின் பலருக்கும் அந்தச் சம்பளமே வாழ்வாதாரம். என் பார்வையில் இது பெரும் பாதுகாப்பு. திருச்சூர் மைதானத்தில் சிறுவனாகச் சோடா விற்று, பின்னர் இந்திய அணிக்குத் தலைவரான ஐ.எம். விஜயன் கேரளக் காவல்துறையில் பணியாற்றினார்; ‘திமிரு’, ‘பிகில்’ உள்ளிட்ட தமிழ்ப் படங்களிலும் நடித்த அவருக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.