ஹெர்மன் ஆமைக்குத் துணையாக இன்னொரு ஆமை வாங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறோம். வீட்டில் ஒரு ஹெர்மன் ஆமை வளர்க்கிறோம். தனியாக இருக்கிறதே என்று ஒரு ஹார்ஸ்ஃபீல்டு ஆமை வாங்கி அதனோடு விட ஆசை. பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. ஒன்றாக விடலாமா?

விடாதீர்கள். "பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நம்பித்தான் நான் ஒரு ஆமையைப் பறிகொடுத்தேன்.

எங்களிடம் இரண்டு ஹெர்மன் இருந்தன. தெரிந்தவர் ஒருவர் வீடு மாறுகிறார் என்று டெஸ்டுடோ கிரேக்கா இனத்து ஆமை ஒன்றைக் கொடுத்தார், தொடையில் முள் மாதிரி இருக்குமே அது. நல்ல பசி, கண்ணில் நல்ல தெளிவு. இரண்டாம் நாளே மூன்றையும் தோட்டத்தில் ஒன்றாக விட்டேன். சில வாரம் கழித்துச் சின்ன ஹெர்மன் சாப்பிடுவதை நிறுத்தியது, மூக்கில் நீர்க்குமிழி. சாதாரணச் சளி என்று நினைத்து விளக்கு வெப்பத்தைக் கூட்டிவிட்டு நாலு நாள் சும்மா இருந்தேன், அது இன்னொரு முட்டாள்தனம். மருத்துவர் வாயைத் திறந்து காட்டியபோது நாக்கு முழுக்கத் தயிர் ஆடை படிந்த மாதிரி மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு படலம், கூடவே நாற்றம். பிசிஆர் சோதனையில் ஹெர்பிஸ் வைரஸ், மூன்றாம் வகை. அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து கொடுத்தார்கள், குழாய் வழியாக உணவும் போனது, அந்த வாரமே செத்துப்போனது.

ஆமைகளில் இந்த ஹெர்பிஸ் நாலு வகை என்று பிரித்திருக்கிறார்கள். முதல் வகை பெரும்பாலும் ஹார்ஸ்ஃபீல்டு ஆமைகளில் தென்படுவது, ஹெர்மனை அதிகம் கொல்வது மூன்றாவது. கிரேக்கா இனம் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும், ஆனால் வைரஸைச் சுமந்துகொண்டே திரியும். ஒருமுறை உடம்பில் புகுந்தால் ஆயுளுக்கும் அங்கேதான். பயணக் களைப்பு, இனச்சேர்க்கைக் காலம், குளிர்கால உறக்கத்திலிருந்து எழும் நேரம், இப்படி உடம்பு தளரும்போது தலைதூக்கும்.

இறக்குமதி ஆமை என்றால் இன்னும் பயப்பட வேண்டும். மத்தியதரைக் கடல் பக்கத்து ஆமைகளை இங்கே பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து விற்றார்கள், 1984இல் அதற்குத் தடை வந்தது. அப்புறம் வியாபாரிகள் மத்திய ஆசியாவின் ஹார்ஸ்ஃபீல்டு பக்கம் திரும்பினார்கள். வெவ்வேறு இடத்தில் பிடித்ததையெல்லாம் ஒரே பெட்டியில் அடைத்து, சரியான தீனியும் தண்ணீரும் இல்லாமல் நாள் கணக்கில் அனுப்பினால் வைரஸுக்குக் கொண்டாட்டம்தான். ஹெர்மன் விற்கச் சான்றிதழாவது வேண்டும் (அதில் மைக்ரோசிப் எண் இருக்கும், வைரஸ் விவரம் இருக்காது), ஹார்ஸ்ஃபீல்டுக்கு அதுவும் வேண்டாம்.

சோதனை செய்துவிட்டு விடலாமே என்பீர்கள். செய்யுங்கள், ஆனால் வைரஸ் பதுங்கியிருக்கும் காலத்தில் வாயில் பஞ்சுக்குச்சி வைத்து எடுத்தால் 'இல்லை' என்றே வரக்கூடும். அதனால் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், சில வாரம் விட்டு இன்னொரு முறையும். அதுவரை வேறு அறை, வேறு தட்டு, பழைய ஆமையை முதலில் கவனித்துவிட்டுப் புதியதைக் கடைசியில், அப்புறம் கைகழுவுதல். ஆறு மாதமாவது இப்படி, முடிந்தால் ஒரு குளிர்கால உறக்கம் முடியும்வரை. மூக்கொழுகினால் எல்லாமே ஹெர்பிஸ் என்றும் இல்லை, மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவாலும் ஒழுகும், வீட்டிலேயே ஊகித்து மருந்து கொடுக்காதீர்கள்.

உண்மையில் உங்கள் ஆமைக்குத் துணை தேவையே இல்லை. தனியாகத் திரியும் பிராணி அது, இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் கடித்துக்கொள்ளும். தனிமை என்பது நமக்குத் தோன்றுவது. சோதனையெல்லாம் முடிந்த பிறகும் வெவ்வேறு இனத்தை ஒரே அடைப்பில் விட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மிச்சமிருந்த ஹெர்மனை அன்றே பிரித்து வைத்ததால் பிழைத்தது. அந்தக் கிரேக்கா இன்னும் எங்களிடம்தான், தோட்டத்தின் மறுகோடியில் தனி அடைப்பில். வைரஸ் இருக்கிறது என்று தெரிந்த பிறகு யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. இன்றுவரை ஒரு தும்மல்கூட இல்லை, டேண்டிலியன் இலையை நன்றாக வெட்டுகிறது.