சண்டைக்கார மீனுக்கு யாரைக் கூட்டாளியாக விடுவது? ஆபிரிக்க சிக்லிட் கேள்வி பதில்

மட்டக்களப்பு கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் பல வருடங்களாக சிக்லிட் என்ற அலங்கார மீன்களின் தொட்டிகள் ஓடுகின்றன. கடித்துக் கொன்ற மீன்களையும் பார்த்திருக்கிறேன், கடிபட்டுச் செத்தவற்றையும் அள்ளிப் புதைத்திருக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: யாரோடு யாரை விடலாம்? வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

ஏறாவூரிலிருந்து: அண்ணன், 2 அடித் தொட்டியில் கலர் கலராக ஆறு ஆபிரிக்கன் வாங்கி விட்டேன். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட ஒருவன் இப்போது கறுத்துப்போய் மூன்று பேரைக் கொன்றுவிட்டான். இவனோடு தாக்குப்பிடிக்கிற மீன் எது?

அந்தத் தொட்டியில் எதுவும் தாக்குப்பிடிக்காது, தம்பி. நீங்கள் சொல்கிற அடையாளத்துக்கு அவன் ஆரட்டஸ் என்ற இனத்து ஆண். குஞ்சில் ஆணும் பெண்ணும் ஒரே மஞ்சள், ஒரே கோடு. கடைத் தொட்டியில் அவ்வளவு அழகு. ஆண் முதிர்ந்தால் மஞ்சள் போய் உடம்பு கறுக்கும். கறுத்த நாளிலிருந்து தொட்டி முழுவதும் அவன் வளவு. நானும் முதன்முதலில் ஏமாந்து வாங்கியது இவனைத்தான்.

இவனைச் சேர்ந்த கூட்டத்துக்கு எம்புனா என்று பெயர். மலாவி ஏரியின் பாறைகளில் படிந்த பாசியைக் கொறித்து வாழ்பவை. ஆணுக்கு ஒரு பாறை கிடைத்தால் அதுதான் அவனுக்குச் சோறும் வீடும் பெண்பார்க்கும் இடமும். வேலிச் சண்டை நமக்குப் புதிதா என்ன? ஏரியில் தோற்றவன் அடுத்த பாறைக்கு ஓடிவிடுவான். உங்கள் 2 அடித் தொட்டி ஒன்றுக்கு ஒன்று அளவு என்றால் பிடிப்பது 57 லீற்றர் அளவுதான். ஓடினாலும் கண்ணாடியில்தான் முட்ட வேண்டும். அவனைத் தனியாக வைத்திருங்கள், அல்லது கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்று கேளுங்கள். புதுக் கூட்டாளியைத் தேடினால் அடுத்த சாவுக்குக் காசு கொடுப்பதாகிவிடும்.

கல்முனையிலிருந்து: 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இனிமேல்தான் மீன் வாங்கப் போகிறேன். எதை, எத்தனை?

வாங்குவதற்கு முன் கேட்டீர்களே, அதற்கே ஒரு தேநீர் வாங்கித் தரலாம். அந்த அளவுக்கு 250 லீற்றர் பிடிக்கும். எம்புனாவுக்கு நல்ல ஆரம்பம்.

என் தெரிவு: மஞ்சள் லேப், சவுலோசி, கூடவே ரெட் சீப்ரா மாதிரி செம்மஞ்சள் இனம் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஆறு, ஏழு. ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது வேண்டும்; ஒரே பெண் என்றால் ஆண் துரத்தித் துரத்தியே அவளைக் கொன்றுவிடுவான். ஒரே நிறமும் கோடும் உள்ள இரண்டு இனங்களைச் சேர்க்காதீர்கள். தன்னைப் போல் தோன்றுபவனைத்தான் ஆண் முதலில் அடிப்பான். சவுலோசியில் ஆண் நீலம், பெண் மஞ்சள். பெண்களை மஞ்சள் லேப்போடு குழப்பிக்கொள்ளலாம், கலப்புக் குஞ்சும் வரலாம். அது பிடிக்காதென்றால் இரண்டில் ஒன்றை விடுங்கள். டெமசோனி என்ற இனத்தைக் கேட்கிறவர்களும் உண்டு. வைத்தால் 12க்கு மேல் வையுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

இருபது மீனா என்று பயப்படாதீர்கள். மாமாங்கக் கோயிலில் ஆடி அமாவாசைக் கூட்டத்துக்குள் ஒருவனைக் குறிவைத்துத் துரத்திப் பாருங்கள், முடியுமா? அதே கணக்குத்தான். நாலு மீன் இருந்தால் அடி முழுக்க ஒருவனுக்கு விழும். இருபது இருந்தால் ஆளுக்குக் கொஞ்சம்.

ஆனால் கூட்டத்துக்கு ஒரு விலை உண்டு. பில்டர் பெரிதாக இருக்க வேண்டும், வாரம் மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்ற வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீர் சூடாகும். சூடான நீரில் ஒட்சிசன் குறைவு. அந்த நேரம் கரண்ட் போனால் கூட்டமான தொட்டிதான் முதலில் தவிக்கும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றை மீனுக்கு முன்னதாக வாங்குங்கள். ஹீட்டருக்கு வைத்த காசு இதற்குச் சரியாக இருக்கும், நம் பக்கம் ஹீட்டர் தேவையில்லை.

எல்லாவற்றையும் குஞ்சாக, ஒரே நாளில் விடுவது நல்லது. அதற்கு முன் பில்டர் ஒரு மாதமாவது ஓடிப் பழகியிருக்க வேண்டும். பிறகு யாரையாவது சேர்ப்பதானால் கற்களை எல்லாம் இடம் மாற்றி, லைட்டை அணைத்து, இரவில் விடுங்கள். விடியும்போது பழையவனுக்கும் வளவு புதிதாக இருக்கும்.

காத்தான்குடியிலிருந்து: பீகொக் ஆண்கள் நாலு பேர் இருக்கிறார்கள். எம்புனாவோடு விடலாமா?

வேண்டாம், நானா. இரண்டும் மலாவிதான், ஆனால் குணம் வேறு, சாப்பாடும் வேறு. பீகொக் மணலுக்குள் பூச்சி புழு தேடும் சாது. எம்புனா அடித்தால் நிறம் மங்கி மூலையில் நிற்கும். பீகொக்குக்குப் போடும் கொழுத்த தீனியை எம்புனா தின்றால் வயிறு ஊதிச் சாகலாம். எம்புனாவுக்கு ஸ்பிருலினா கலந்த தீனியும் கொதிநீரில் போட்டெடுத்த கங்குனும் போதும். துணை வேண்டுமென்றால் மஞ்சள் லேப்பை விடுங்கள், எம்புனாவில் அது ஒன்றுதான் ஓரளவு மனிதத் தன்மை உள்ளது.

வாழைச்சேனையிலிருந்து: ஒஸ்கார், பரட், ஃபிளவர்ஹோர்ன், இவற்றை எம்புனாவோடு விடலாமா?

மூன்றும் இல்லை. ஒஸ்கார் தென்னமெரிக்காவின் மென்னீர் மீன், எம்புனாவுக்கோ வன்னீர் வேண்டும்; ஒஸ்கார் ஓர் அடி வரை வளரும். பரட் கலப்பினம், வாயையே சரியாக மூட முடியாதது எங்கே சண்டை பிடிக்கும்? ஃபிளவர்ஹோர்ன் தனியாள்.

நிந்தவூரிலிருந்து: அடியில் சுத்தம் செய்ய ஏதாவது மீன்?

சுத்தம் செய்வது உங்கள் வேலை. ஆனால் அடியில் ஓடுவதற்கு சினோடொன்டிஸ் கெளுத்தி அருமை. தடித்த தோல், முள், இரவு நடமாட்டம். சிக்லிட் கடித்தாலும் பெரிதாக எடுக்காது. இவற்றில் தங்கனீக்கா ஏரியின் குயில் கெளுத்தி ஒன்று இருக்கிறது. சிக்லிட் முட்டையிடும் நேரம் பார்த்து இடையில் புகுந்து தன் முட்டையைப் போட்டுவிடும். தாய் அடைகாக்க இரண்டையும் சேர்த்து வாயில் அள்ளிக்கொள்வாள். கெளுத்திக் குஞ்சு முதலில் பொரித்து, வாய்க்குள்ளேயே அவள் குஞ்சுகளைத் தின்றுவிடும். காகத்தின் கூட்டில் குயில் செய்வதைவிட மோசம்.

பிரிஸ்டில்நோஸ் பிளெக்கோ என்ற கெளுத்தியும் ஒளிய ஓர் இடம் இருந்தால் பிழைக்கும். இறால் விட்டால் அது சாப்பாடு.

ஆரையம்பதியிலிருந்து: எங்கள் கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்கவே மாட்டாது. மீனுக்கு ஆகுமா? முருகைக்கல் போட வேண்டுமா?

நுரைக்காத வன்னீர்தான் இவர்களுக்கு விருந்து. நீரின் காரத்தைக் காட்டும் பிஎச் 7.8 முதல் 8.6 வரை மலாவி மீனுக்குச் சரி. ஒருமுறை அளந்து பாருங்கள். நீர் உப்புக் கரித்தால் மட்டும் குழாய் நீர் கலந்துகொள்ளுங்கள், குளோரின் போக்கிய பிறகு. கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை, தேவையும் இல்லை. காலியான சிப்பி ஓடுகளை அவித்துக் கழுவி பில்டருக்குள் போட்டால், நீரை வன்னீராக்கும் அதே வேலை நடக்கும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: அடாவடி மீனை வாவியில் விட்டுவிட்டு, வாவியிலிருந்து நம் ஊர் மீன் எதையாவது பிடித்து விட்டால்?

இரண்டும் பிழை. கேரளத்தில் கரிமீன் என்பார்களே, அது நம் வாவியிலும் உண்டு. அதுவும் சிக்லிட் குடும்பம்தான். ஆனால் தட்டளவு வளர்ந்துவிடும், காட்டு மீனோடு ஒட்டுண்ணியும் வரும். வெளியே விடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆபிரிக்க சிக்லிட்டான திலாப்பியாவை 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது இல்லாத குளத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்.

அக்கரைப்பற்றிலிருந்து: மஞ்சள் லேப் ஒன்று நாலு நாளாகத் தின்னவில்லை. தொண்டை வீங்கியிருக்கிறது. மருந்து போடவா?

போட்டுவிடாதீர்கள், தங்கச்சி! வாயை மென்றபடி ஒதுங்கி நிற்கிறாளா? அப்படியென்றால் அது நோய் இல்லை, வாய் நிறைய முட்டை. ஏறக்குறைய 3 வாரம் பட்டினி கிடந்து காப்பாள். நம் சூட்டுக்குச் சில நாள் முந்தலாம். இப்போது கலைத்தால் துப்பிவிடுவாள். இரண்டு வாரம் கழித்து, இரவில் லைட் இல்லாமல் மெதுவாக அள்ளிச் சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள். குஞ்சைத் துப்பிய பிறகு ஒரு வாரம் தின்னவைத்து உடம்பைத் தேற்றித்தான் திருப்பி விட வேண்டும். மெலிந்து திரும்பியவளை மற்றவர்கள் புதியவள் என்று அடிப்பார்கள், அதனால் அன்றும் கற்களை மாற்றி வையுங்கள். குஞ்சு ஓர் அங்குலம் வந்ததும் சொல்லுங்கள், எனக்கு ஆறு வேண்டும்.