ஆப்பெரா ஹவுஸும் அரோராவும்

வணக்கம் சார்,

மும்பையின் பழைய நாடகக் கொட்டகைகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ராயல் ஆப்பெரா ஹவுஸுக்கு அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. என் அப்பா அந்தப் பக்கத்தில் ஒரு வைர வியாபாரியிடம் ஸ்டெனோவாக இருந்தவர். ஆபீஸ் முடிந்ததும் பல நாள் அங்கே ஒரு படம் பார்த்துவிட்டுத்தான் டோம்பிவிலிக்கு ரயில் ஏறுவார். இங்கிலாந்து ராஜா நேரில் வந்து திறந்த கட்டடம், டேவிட் சசூன் தன் மாளிகையிலிருந்து கழற்றிக் கொடுத்த சரவிளக்குகள், மேடையில் முணுமுணுத்தால் மேல்மாடிக்குக் கேட்கும், பூட்டிக் கிடந்த காலத்தில் ராத்திரி உள்ளே சலங்கைச் சத்தம் வரும் என்றெல்லாம் சொல்வார். இதில் எவ்வளவு நிஜம்?

புதுப்பித்துத் திறந்த பிறகு அவரை அங்கே அழைத்துப் போனேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "இது நான் படம் பார்த்த தியேட்டர் இல்லடா" என்றார். வெளியே வந்ததும், கிங்ஸ் சர்க்கிளில் தமிழ்ப் படத்துக்குப் பேர்போன அரோரா தியேட்டரை நினைத்து, "நம்ம அரோராவுக்கு இப்படி யாரு செய்வா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

எஸ். ஆர்., டோம்பிவிலி

அன்புள்ள எஸ். ஆர்.,

சலங்கையை முதலில் முடித்துவிடலாம். எந்தத் தியேட்டரைப் பூட்டினாலும் ஆறே மாதத்தில் அதற்குள் ஒரு நாட்டியக்காரி குடிவந்துவிடுவாள். புறாவும் பெருச்சாளியும் பழைய தகரமும் சேர்ந்தால் சலங்கை என்ன, மிருதங்கமே கேட்கும்.

ராஜா கதைக்கு வருகிறேன். ஐந்தாம் ஜார்ஜ் அப்பல்லோ பந்தரில் கப்பலிலிருந்து இறங்கியது 1911 டிசம்பர் 2. அவருடைய முடிசூட்டு விழாவான டெல்லி தர்பார் அதே மாதம் 12ஆம் தேதி. ஆப்பெரா ஹவுஸை 1911இல் ராஜா திறந்துவைத்தார், அப்போது கட்டட வேலை முடியவில்லை என்றுதான் எல்லாக் குறிப்புகளிலும் இருக்கும். ஆனால் அதே அரங்கின் வரலாற்றைச் சொல்பவர்கள், முதல் நிகழ்ச்சி அந்த ஆண்டு அக்டோபரிலேயே நடந்துவிட்டது என்றும் சொல்கிறார்கள். நடத்தியவர் ரேமண்ட் என்ற அமெரிக்க மாயாஜாலக்காரர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராஜா வந்து சேர்வதற்கு முன்பே டிக்கெட் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். ஓடிக்கொண்டிருந்த கொட்டகையைத்தான் அவர் திறந்துவைத்திருக்க வேண்டும். போகட்டும், 'ராயல்' என்ற பட்டம் கிடைத்தது, வியாபாரத்துக்கு அது போதும். இந்த ஊரில் ராஜா பேரைச் சொல்லி இப்படி ஓடும் கதை இது ஒன்றுதான் என்றில்லை. கேட்வே ஆஃப் இந்தியா வழியாகத்தான் அவர் ஊருக்குள் நடந்து வந்தார் என்று இன்றும் கைடுகள் சொல்கிறார்கள். அதற்கு அடிக்கல் நாட்டியதே 1913இல். கட்டி முடித்தது 1924இல்.

எனக்கு ராஜாவைவிட அந்த மாயாஜாலக்காரரைத்தான் பிடித்திருக்கிறது. ஆப்பெரா ஹவுஸில் முதலில் நடந்தது ஆப்பெரா என்கிற ஐரோப்பிய இசை நாடகம் இல்லை, முயல் வரவழைக்கிற வித்தை! கட்டியவர்களின் கணக்கைப் பார்த்தால் இதில் ஆச்சரியமும் இல்லை. 1908இல் இந்த யோசனையைத் தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் ஜஹாங்கீர் ஃப்ராம்ஜி கராக்கா என்ற பார்சி, நிலக்கரித் தரகுத் தொழில் செய்தவர். மற்றவர் கல்கத்தாவைத் தலைமையிடமாக வைத்து நாடகக் குழுக்களை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்த மாரிஸ் பாண்ட்மன். இந்த பாண்ட்மன் பெரிய ஆள். ஜிப்ரால்டரில் தொடங்கி இந்தியா, பர்மா, சிங்கப்பூர் வழியாக ஜப்பான் வரை அவருடைய குழுக்கள் கப்பலில் சுற்றி வரும். லண்டனில் ஓடிய இசை நகைச்சுவை நாடகங்களைச் சுடச்சுட இறக்குவார். ஒரு குழு அரங்கைக் காலி செய்து கப்பல் ஏறினால் அடுத்தது வந்து இறங்கும். இப்படிப்பட்ட தொழிலுக்கு ஒவ்வொரு துறைமுகத்திலும் சொந்தமாக ஒரு மேடை இருந்தால் வசதி. கல்கத்தாவில் அவருக்கு எம்பயர் இருந்தது, பம்பாயில் இதைக் கட்டிக்கொண்டார். ஆக இது கலைக்காக எழுப்பிய கோயில் இல்லை, கப்பல் அட்டவணையை நம்பிக் கட்டிய கடை.

கடை ரொம்ப நாள் ஓடவும் இல்லை. 1914இல் போர் வந்ததும் நாடகக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றக் கப்பலுக்கு எங்கே போவது? 1917இலேயே மேடைக்கு இடையிடையே திரை தொங்கவிட்டுப் படம் காட்டத் தொடங்கிவிட்டார்கள். பாண்ட்மன் 1922இல் இறந்துபோனார். தாழ்வாரத்தில் அத்தனை பளிங்கும் வேலைப்பாடும் இழைத்தவர்கள் கனவு கண்ட ஐரோப்பிய மேடை, கணக்குப் பார்த்தால் சுமார் பத்து வருஷம்தான்.

சரவிளக்கு விஷயத்தில் பாதி சரி, பாதி தப்பு. அவை பம்பாயின் பெரும் வணிகர்களான சசூன் குடும்பத்தின் 'சான் சூசி' மாளிகையில் தொங்கியவை என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படுவது. பைகுல்லாவில் இன்று மசீனா ஆஸ்பத்திரி இருக்கிறதே, அதுதான் அந்த மாளிகை. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் டேவிட் சசூன் கழற்றிக் கொடுத்தார் என்பது நடக்காத காரியம். அவர் 1864இல் காலமாகிவிட்டார். கொடுத்தது அவருக்குப் பின் வந்தவர்களாகத்தான் இருக்க முடியும். முணுமுணுப்புக் கதைக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. மேல்மாடியில் உட்கார்ந்திருப்பவருக்கும் வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று யோசித்துத்தான் அந்தக் குவிந்த கூரையை அமைத்தார்கள். மைக் இல்லாத காலத்து அரங்கு அது, கேட்காவிட்டால் மேல்மாடி டிக்கெட்டை யார் வாங்குவது?

இனி நான் சொல்ல நினைக்கும் கதை. இதைத் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. 1944இல் இந்தி நடிகர் பிருத்விராஜ் கபூர் தன் நாடகக் குழுவான பிருத்வி தியேட்டர்ஸைத் தொடங்கினார். பம்பாயில் அந்தக் குழுவின் முக்கியமான மேடை இந்த ஆப்பெரா ஹவுஸ்தான். 1945இல் அவர்கள் போட்ட 'தீவார்', ஒரு வீட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் சுவர் எழுப்புகிற அண்ணன் தம்பி கதை. நாடு பிரிவதற்கு இரண்டு வருஷம் முன்னால்! நாடகம் முடிந்ததும் பிருத்விராஜ் வாசலுக்கு வந்துவிடுவார். துணியை இரு கையாலும் ஏந்தியபடி தலையைக் குனிந்து நிற்பார். வெளியே போகிறவர்கள் முடிந்ததைப் போட்டுவிட்டுப் போவார்கள். யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். அந்தப் பணம் நல்ல காரியங்களுக்குப் போனது. மராட்டி இசை நாடக நட்சத்திரங்களான பால கந்தர்வரும் தீனாநாத் மங்கேஷ்கரும் பாடி நடித்த மேடையும் இதுதான். பக்கத்துக் கிர்காவ் பேட்டை மராட்டிக்காரர்கள் இந்தக் கட்டடத்தைத் தங்களுடையது என்று நினைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

நமக்கும் மெல்லிய ஒரு நூல் உண்டு. ஆப்பெரா ஹவுஸிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்த கிராண்ட் ரோடு கொட்டகைகளில்தான் பார்சி நாடகக் கம்பெனிகள் கொடி கட்டிப் பறந்தன. எழுதிய திரைச்சீலை, ஹார்மோனியம், சட்டென்று மாறும் காட்சிகள் எல்லாம் அவர்கள் ஊர் ஊராகப் போய் ஆடிப் பரப்பியவை, தஞ்சாவூர், மதுரை மேடை வரை வந்து சேர்ந்தன. பழைய தமிழ் நாடகப் பாட்டுப் புத்தகம் எதையாவது பிரித்துப் பாருங்கள், பாட்டுக்கு மேலே 'பார்ஸி மெட்டு' என்று போட்டிருக்கும்.

அப்பா சொன்ன முதல் வாக்கியத்துக்கு வருகிறேன். அவர் சொன்னது அச்சு அசல் உண்மை. 1930களின் நடுவிலிருந்து ஆப்பெரா ஹவுஸின் பிழைப்பு சினிமாதான். அதற்குத் தக்கபடி உள்ளே இடித்துக் கட்டினார்கள், அந்தக் காலத்து ஆர்ட் டெக்கோ பாணியில் சில மாற்றங்களும் வந்தன. 1952இல் குஜராத்தின் கோண்டல் சமஸ்தான மகாராஜா வாங்கினார், அப்போதும் படம்தான் ஓடியது. வீடியோவும் கேபிள் டி.வி.யும் வந்த பிறகு கூட்டம் குறைந்துகொண்டே போய் 1993இல் பூட்டினார்கள். பிறகு 23 வருஷம் மழை ஒழுகியது. 2008க்குப் பிறகு கோண்டல் குடும்பம் கட்டடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பாவிடம் வேலையை ஒப்படைத்தது. அவர் பழைய படங்களையும் ஆவணங்களையும் வைத்து, சினிமாவுக்காகச் செய்த மாற்றங்களை எடுத்துவிட்டு, மறைந்துபோன பாக்ஸ் இருக்கைகளைத் திரும்பக் கொண்டுவந்தார். 2016 அக்டோபரில் திறந்தது. அடுத்த ஆண்டு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. அருமையான வேலை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எடுத்துவிட்டது எதை? உங்கள் அப்பா படம் பார்த்த தியேட்டரை. ஒரு கட்டடத்தைப் புதுப்பிக்கிறவர் ஏதாவது ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். அவர் 1911ஐத் தேர்ந்தெடுத்தார். அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். பத்து வருஷ ஐரோப்பிய மேடைக்குப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கிட்டத்தட்ட அறுபது வருஷ சினிமாவை 'பின்னர் திரையரங்காகவும் இயங்கியது' என்று அரை வரியில் தாண்டுகிறார்களே, அந்தக் கஞ்சத்தனம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

அரோரா கேள்விக்கு என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆப்பெரா ஹவுஸ் பிழைத்ததற்கு முதல் காரணம் பணம். நஷ்டத்தில் பூட்டிக் கிடந்தாலும் விற்காமல் வைத்திருக்க முடிந்த ஒரு ராஜ குடும்பம் அதன் சொந்தக்காரர். அடுத்தது சட்டம். 1995இல் பம்பாய்க்குப் பாரம்பரியக் கட்டட விதிகள் வந்தன, பட்டியலில் ஏறிய கட்டடத்தை நினைத்தபடி இடிக்க முடியாது. பட்டியலில் ஏற ஒரு கதை வேண்டும். ராஜா, சரவிளக்கு, ஐரோப்பிய பரோக் பாணி முகப்பு மாதிரிக் கதைகள் இருந்தால் சீக்கிரம் ஏறும்.

சினிமாக் கொட்டகைக்கே மரியாதை கிடையாது என்றும் சொல்ல முடியாது. ரீகலும் ஈராஸும் 1930களின் சினிமாக் கொட்டகைகள்தான். 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்த கட்டடத் தொகுதியில் இரண்டும் இருக்கின்றன. கொலாபாவிலும் சர்ச்கேட்டிலும் இருப்பதால் வந்த அதிர்ஷ்டம் அது. அங்கேகூட எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை. வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) ஸ்டேஷனுக்கு நேர் எதிரே நிற்கும் கேப்பிட்டல், 19ஆம் நூற்றாண்டில் கெய்ட்டி என்ற நாடகக் கொட்டகையாகத் தொடங்கியது. ஆப்பெரா ஹவுஸைவிட மூத்தது. அதை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

இந்த வரிசையில் கிங்ஸ் சர்க்கிள் அரோராவை எங்கே வைப்பார்கள்? ரஜினி பட ரிலீஸ் அன்று விடிவதற்கு முன்பே மாட்டுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் கூட்டம் கூடும். கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் நடக்கும். மராட்டிக்காரப் போலீஸ்காரர் லத்தியை அக்குளில் செருகிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். சரவிளக்கைவிட இது என்ன குறைந்த கதை? குறை நம்மிடமும் இருக்கிறது. ஷண்முகானந்தா ஹாலைக் கட்டினோம், 1990இல் தீப்பிடித்த பிறகு திரும்பவும் கட்டினோம். கச்சேரி என்றால் பணம் திரட்டத் தெரிந்த நமக்கு, சினிமாக் கொட்டகை என்றால் 'பொழுதுபோக்குதானே' என்று கை வரவில்லை. விசிலடித்த இடத்தை நினைவுச்சின்னம் என்று சொல்ல நமக்கே கூச்சம்.

இப்போதைக்கு எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். கட்டடத்தை நாம் காப்பாற்ற முடியாது, கதையை எழுதி வைக்கலாம். அப்பாவை உட்கார வைத்துக் கேளுங்கள். ஆப்பெரா ஹவுஸில் எந்த வகுப்பு டிக்கெட் எடுப்பார், பிளாக்கில் என்ன விலை போனது, இண்டர்வெல்லில் என்ன விற்றார்கள், எந்த வரிசையில் உட்கார்ந்தால் தூண் மறைக்கும், கூரை எந்த வருஷத்திலிருந்து ஒழுக ஆரம்பித்தது, எந்த ரயிலைப் பிடிக்க கிளைமாக்ஸுக்கு முன்னால் எழுந்து ஓடினார். அரோரா பற்றித் தனியாக எழுதச் சொல்லுங்கள். அவர் ஸ்டெனோ, சுருக்கெழுத்தில் எழுதித் தந்தாலும் நீங்கள் விரித்து எழுதிவிடலாம். அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன். சலங்கைக் கதையையும் சேர்த்து அனுப்பலாம், வெட்ட மாட்டேன்.