ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் கேப்பிடலில், அதாவது மாநிலச் சட்டமன்றக் கட்டிடத்தில், அரை நாள் செலவழித்துப் பார்க்க அப்படி என்ன இருக்கிறது?

கேட்டவர் குடும்பத்தோடு ஆஸ்டின் வருகிறாராம். “எல்லா மாநிலத்திலும் வாஷிங்டனைப் பார்த்து ஒரு குவிமாடம் கட்டி வைத்திருக்கிறார்கள், இதில் மட்டும் என்ன விசேஷம்?” என்கிறார். நியாயமான கேள்விதான். நானும் இந்த ஊருக்கு வந்த புதிதில் இரண்டு வருஷம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஊரிலிருந்து அப்பா வந்தபோது, வேறு எங்கே கூட்டிப் போவது என்று தெரியாமல் போனதுதான். அப்பா கட்டிட வேலை மேற்பார்வையில் இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே நுழைவதற்கு முன்பே சுவரைத் தடவிப் பார்த்து, “இது இந்த ஊர்க் கல்தானா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடப் போய்த்தான் எனக்கு இந்தக் கட்டிடத்தின் மேல் பைத்தியம் பிடித்தது.

முதலில் பணக் கதை. 1870-களில் டெக்சஸ் அரசிடம் காசு இல்லை, நிலம் இருந்தது. 1876-ல் எழுதிய அரசியல் சட்டத்திலேயே, புதிய சட்டமன்றக் கட்டிடத்துக்காக மாநிலத்தின் வடகோடியில் 30 லட்சம் ஏக்கரை ஒதுக்கிவிட்டார்கள். சிகாகோவைச் சேர்ந்த ஒரு முதலீட்டாளர் கூட்டு, கட்டிடத்தைக் கட்டிக் கொடுத்து, கூலியாக அந்த நிலத்தை வாங்கிக்கொண்டது. அதுதான் பிறகு எக்ஸ்ஐடி என்ற பிரம்மாண்டமான மாட்டுப் பண்ணை ஆனது. பணத்துக்குப் பதில் மனை கொடுப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் சுமார் 12,000 சதுர கிலோமீட்டர் மனை!

அதற்கு நடுவே 1881 நவம்பரில் பழைய கட்டிடம் எரிந்தே போனது. அடுப்பின் புகைக்குழாயைச் சுவரில் இருந்த ஓர் ஓட்டையில் செருகியிருக்கிறார்கள். அது புகைபோக்கியே இல்லை. அப்புறம் தாமதிக்க முடியுமா? 1882-ல் வேலை தொடங்கியது. வரைபடம் எலைஜா மையர்ஸ் என்பவருடையது. மிச்சிகன், கொலராடோ கேப்பிடல்களும் அவர் கைவண்ணம்தான். மூன்று மாநிலங்களுக்கு வரைந்த மனிதர். ஆனால் இங்கே அரசோடு தகராறாகி, வேலை முடிவதற்கு முன்பே விலகிவிட்டார்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். ஊர்க்கல்தான், ஆனால் முதலில் நினைத்த கல் இல்லை. திட்டப்படி கட்டிடம் முழுக்க வெளிர் நிறச் சுண்ணாம்புக் கல். ஊருக்குத் தென்மேற்கே, இன்று ஓக் ஹில் என்று சொல்கிற இடத்தில் வெட்டினார்கள். வெட்டி வந்த கல் வெயிலிலும் மழையிலும் கொஞ்ச நாள் கிடந்ததும் பழுப்புக் கோடுகள் விட ஆரம்பித்தது. கல்லுக்குள் பைரைட் என்ற இரும்புத் தாது இருந்திருக்கிறது. காற்றும் ஈரமும் பட்டதும் அது துருவாக வழிகிறது. மாநிலத்தின் முகமாக நிற்கப்போகிற சுவரில் துருக்கறையா?

ஒப்பந்தக்காரர் இந்தியானாவிலிருந்து கல் கொண்டுவரலாம் என்றார். ஆளுநர் ஜான் அயர்லாந்து பிடிவாதமாக மறுத்துவிட்டார்: டெக்சஸ் கட்டிடத்துக்கு டெக்சஸ் கல்தான். அப்போது மார்பிள் ஃபால்ஸ் பக்கத்தில் கிரானைட் மலை வைத்திருந்தவர்கள் கல்லை இலவசமாகவே தருவதாகச் சொன்னார்கள். இன்று நீங்கள் பார்க்கிற அந்த இளஞ்சிவப்பு இப்படி வந்ததுதான். கறை விழுந்த கல்லையும் வீணாக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத அஸ்திவாரத்திலும் உள்சுவர்களிலும் போட்டு மூடிவிட்டார்கள். அப்பா இதைக் கேட்டுச் சிரித்தார். “எங்க சைட்லயும் இதத்தான்டா செய்வோம்.”

கல் இலவசம், வெட்டும் கை? அதற்குச் சிறைக்கைதிகள். கிரானைட் வெட்டும் தொழிலாளர் சங்கம் இதை எதிர்த்து வேலையைப் புறக்கணித்தது. உடனே ஸ்காட்லாந்தின் அபர்தீனிலிருந்து 62 கல்தச்சர்களை இறக்கினார்கள். வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிக்கு ஆள் கொண்டுவரக் கூடாது என்று 1885-லேயே சட்டம் வந்திருந்தது. வழக்கு நடந்து அபராதமும் விழுந்தது. கைடு சொல்லும்போது இந்தப் பகுதி வேகமாகக் கடந்துவிடும், நீங்கள் நிறுத்திக் கேளுங்கள். விசாவில் வந்து வேலை பார்க்கிற எனக்கு அந்த 62 பேரைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துகொள்ள ஆசை.

1888 ஏப்ரலில் மக்களுக்குத் திறந்தார்கள், மே மாதம் திறப்பு விழா. விழா சமயத்தில் பெய்த மழையில் புத்தம் புதிய செப்புக் கூரை ஒழுகியது. கிரகப்பிரவேசத்தன்றே வீடு ஒழுகினால் எப்படி இருக்கும்! கூரையைச் சரிசெய்த பிறகுதான், அந்த வருஷக் கடைசியில், அரசு கட்டிடத்தை ஏற்றுக்கொண்டது.

உயரம் பற்றி உள்ளூர்க்காரர்கள் நிறையப் பீற்றிக்கொள்வார்கள். 302 அடி, வாஷிங்டனில் உள்ள 288 அடியைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் பக்கத்து மாநிலமான லூசியானாவின் கேப்பிடல் 450 அடி. அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுக்க மாட்டார்கள். இன்னொன்று, குவிமாடம் கல் இல்லை. வார்ப்பிரும்பும் தகடும்தான், கல் நிறத்தில் வண்ணம் பூசியது. சாயங்கால வெயிலில் கீழே இருக்கிற கல்லுக்கும் மேலே இருக்கிற வண்ணத்துக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

உள்ளே போனதும் எல்லோரும் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். உச்சியில் கையளவு தெரிகிற நட்சத்திரத்தின் அகலம் எட்டடி. அதைப் பார்த்துவிட்டுக் கீழேயும் பாருங்கள். நம் பழைய வீடுகளில் இருக்குமே, அதே மொசைக் தரை. 1936-ல் போட்டது. டெக்சஸை ஆண்ட ஆறு நாடுகளின் சின்னங்களும் அதில் இருக்கின்றன. சுற்றுச் சுவரில் ஆளுநர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். புதிதாக ஒரு படம் மாட்டும்போது மற்ற எல்லாப் படங்களையும் ஓரிடம் தள்ளி மாட்டுவார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கதவுக் கீல். ஆமாம், கீல்தான். ஒவ்வொன்றும் கை கனக்கிற வெண்கலம். ‘டெக்சஸ் கேப்பிடல்’ என்ற எழுத்து அதிலேயே வார்க்கப்பட்டிருக்கும். கதவைத் திறந்து வைத்தால்தான் எழுத்து நன்றாகத் தெரியும். அப்பா அதற்கு முன்னால் குனிந்து பத்து நிமிஷம் நின்றார். பாதுகாவலர் ஒருவர் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போனார்.

பின்பக்கம் 1993-ல் கட்டிய நிலத்தடி விரிவாக்கத்தைத் தவறவிடாதீர்கள். 1983-ல் நடந்த ஒரு தீ விபத்தில் ஓர் உயிர் போனது, கட்டிடமே தப்பியது பெரிய விஷயம். அப்புறம்தான் நெரிசலைக் குறைக்க வேண்டும், பழுதுபார்க்க வேண்டும் என்று இறங்கினார்கள். மேலே கட்டினால் பழைய கட்டிடம் மறையும் என்று பாறையைக் குடைந்து கீழே போய்விட்டார்கள். நடுவில் குவிமாடத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு திறந்த வட்ட முற்றம் இருக்கிறது. என்னைக் கேட்டால் மேலே உள்ளதைவிட அதுதான் அழகு. வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

நுழைவுக் கட்டணம் கிடையாது. வெளியே வந்தபின் காலில் தெம்பு இருந்தால், வடக்கே சில தெரு தள்ளி இருக்கிற புல்லக் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். குவிமாடத்தின் உச்சியில் 1888-லிருந்து நின்ற துத்தநாகச் சிலை, சுதந்திர தேவி, அங்கேதான் இருக்கிறாள். 1985-ல் இவளைக் கீழே இறக்கிவிட்டு, 1986-ல் அலுமினியத்தில் அச்செடுத்த ஒன்றை மேலே வைத்துவிட்டார்கள். பக்கத்தில் போய் முகத்தைப் பாருங்கள். குழந்தைகள் கொஞ்சம் மிரளலாம். முன்னூறு அடிக்குக் கீழே நிற்பவனுக்குத் தெரிய வேண்டும் என்று மூக்கையும் புருவத்தையும் அவ்வளவு முரட்டுத்தனமாகச் செய்திருக்கிறார்கள்.